கோடு போட்ட கால்

எங்க வீட்டுக்காரருக்கு யாரையும் தொந்தரவு பண்ணப் பிடிக்காது. கால் நெருப்பா சுடுது, கணுக்காலுக்கு மேல சிவந்து வீங்கிப் பளபளன்னு நிக்குது, உடம்பு குளிர்ல தூக்கித் தூக்கிப் போடுது. இவரு என்னடான்னா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு, "ஒண்ணுமில்லைம்மா, கொசு கடிச்சிருக்கும்"ங்கறாரு. எந்தக் கொசு கடிச்சுய்யா கால் தலகாணி சைசுக்கு வீங்கும்? நான் செருப்பை எடுத்து அவர் முன்னாடி போட்டேன்.

அவருக்கு வண்டி கழுவுற இடத்துல வேலை. காலையில ரப்பர் பூட்ஸுக்குள்ள காலை விட்டா, வேலை முடிஞ்சுதான் வெளிய எடுப்பாரு. பூட்ஸுக்குள்ள எந்நேரமும் தண்ணி நிக்கும். விரல் இடுக்கெல்லாம் ஊறி, வெளுத்து, வெடிச்சுக் கெடக்கும். "ஒரு களிம்பு வாங்கிப் போடுங்களேன்"னு நான் சொல்றதும், "ஆகட்டும்"னு அவர் சொல்றதும் கல்யாணமான புதுசுலேர்ந்து நடக்குது. நானும் நாள் பூரா நிக்கறவதான். துணிக்கடையில விக்கிறேன். ஆனா நான் நிக்கிறது காஞ்ச தரை.

ஆஸ்பத்திரியில முதல்ல பாத்தது ஒரு சின்ன டாக்டரம்மா. படிப்பு முடிச்சுப் புதுசா வந்தவங்க போல. தூக்கமில்லாம கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. ஆனா கையை வச்சு அழுத்திப் பாத்தாங்க. இதை நான் தனியா எடுத்துச் சொல்லணும். ஏன்னா அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கறதுக்குன்னு அந்தக் காலை யாரும் தொடலை.

"இது செல்லுலைட்டிஸ்"னாங்க. "தோலுக்கு அடியில கிருமி பூந்திருக்கு. விரல் இடுக்குல வெடிச்சிருக்கு பாருங்க, இது வழியாத்தான் உள்ள போயிருக்கும். பயப்படாதீங்க, நிறைய பேருக்கு வர்றதுதான். மருந்து ஏத்துவோம், அடங்கிடும். காலைத் தலகாணி வச்சு உசத்தியே வைங்க."

"ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. தாராளமா பக்கத்துல உக்காருங்க."

சொல்லிட்டு சட்டைப் பையிலேர்ந்து ஒரு நீலப் பேனாவை எடுத்து, சிவப்பு எங்க முடியுதோ அந்த ஓரத்தை ஒட்டிக் காலைச் சுத்திக் கோடு போட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கூச்சம். காய்ச்சலோட காய்ச்சலா சிரிச்சாரு.

"இந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. சிவப்பு உள்பக்கமா சுருங்குனா மருந்து வேலை செய்யுது. கோட்டைத் தாண்டி மேல ஏறிக்கிட்டே போச்சுன்னா இந்த மருந்து பத்தலைன்னு அர்த்தம். உடனே வேற மருந்துக்கு மாத்தணும். அதுல தாமதம் பண்ணா காலே போயிடும். புரியுதா?"

எனக்குப் புரிஞ்சுது. அவருக்கும் புரிஞ்சுது. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?

மறுநாள் காலையில பாக்கறேன், சிவப்பு கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை மேல ஏறியிருக்கு. ஓடிப் போய் சிஸ்டர்கிட்ட சொன்னேன். சின்ன டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவங்களைக் கண் பிரிவுக்கு மாத்தியாச்சாம், அது எதிர்க் கட்டடமாம்.

"சரி சிஸ்டர், நீங்களே வந்து பாருங்க. கோட்டைத் தாண்டிருச்சு."

சிஸ்டர் வாயில விரலை வச்சாங்க. சுவத்தைக் காட்டினாங்க. அங்க ஒரு பெரிய பலகை. 'இவ்வார்டில் கோடு தாண்டல்: இல்லை' அப்படின்னு பெயிண்டுல எழுதியிருந்துச்சு. 'இல்லை'ங்கிறதைச் சுத்திப் பூ வேற வரைஞ்சிருந்தாங்க.

"அந்த வார்த்தையைச் சத்தமா சொல்லாதீங்கம்மா. கோட்டைப் பத்தி நாங்க யாரும் பேசக்கூடாது. அதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு."

என்ன கதைன்னா, முன்ன எப்பவோ ஒருத்தருக்கு இப்படிச் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போய், யாரும் கவனிக்காம, பெரிய ரகளையாயிருக்கு. உடனே குழு போட்டிருக்காங்க. குழு கூடிக் கூடிப் பேசி, இனிமே இந்த ஆஸ்பத்திரியில கோடு தாண்டல் நடக்கவே கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கு. நோய் ஏறக்கூடாதுன்னு இல்லை. தாண்டக்கூடாது. அதைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆளையும் போட்டாங்க. அவரை எல்லாரும் கோட்டுக்காரர்னுதான் கூப்பிடுவாங்க.

கோட்டுக்காரர் வந்தாரு. கையில ஒரு தட்டு. தட்டுல பஞ்சு, ஸ்பிரிட்டு, கறுப்புப் பேனா, ஒரு அளவு டேப்பு. குனிஞ்சு பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாரு.

"யாரு போட்டது இதை?"

"சின்ன டாக்டரம்மாங்க."

"நீலத்துல போட்டிருக்காங்க."

"ஆமாங்க. தாண்டிருச்சுங்க. இங்க பாருங்க."

"நீலம் செல்லாதும்மா. கறுப்புல போட்டாத்தான் கோடு. நீலத்துல போட்டா அது வெறும் குறிப்பு."

"சரிங்க, குறிப்பைத் தாண்டிருச்சு. மருந்தை மாத்தச் சொல்லுங்க."

"குறிப்பைத் தாண்டினா மருந்து மாத்தணும்னு எந்த விதியிலயும் இல்லையே. கோட்டைத் தாண்டினாத்தான்." அவர் என்னைத் திட்டலை. ரொம்பப் பொறுமையாத்தான் சொன்னாரு. அப்புறம் பஞ்சை ஸ்பிரிட்டுல நனைச்சு நீலத்தைச் சுத்தமா துடைச்சாரு. சிவப்பு இப்ப எங்க முடியுதோ அதுக்கு வெளிய கறுப்புல புதுசா ஒரு கோடு போட்டாரு. நல்ல நிதானமான கை. ஒரு நெளிசல் இல்லை.

"இப்ப பாருங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு. நல்லவேளை, நான் வந்தேன்"னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்கு அடுத்த நாள் சிவப்பு முட்டிக்கிட்ட வந்துச்சு. கறுப்புக் கோட்டையும் தாண்டிருச்சு. சரி, இப்பவாவது செல்லும்னு நான் பெரியவருக்காகக் காத்துக்கிட்டு நின்னேன். பெரியவர்ங்கிறது அந்த ஆஸ்பத்திரிக்கே தலைமை டாக்டர். தினம் காலையில பயிற்சிக்காரப் பிள்ளைங்க புடைசூழ வார்டைச் சுத்தி வருவாரு. ஆனா அவருக்கு முன்னாடி தட்டு வந்துருச்சு.

"கோடு மங்கியிருக்கும். புதுப்பிக்கணும்"னாரு கோட்டுக்காரர்.

"மங்கலைங்க. பளிச்சுன்னு இருக்கு. தாண்டித்தான் இருக்கு."

"மங்கறதுக்கு முன்னாடி புதுப்பிக்கறதுக்குப் பேருதான்மா தரம். பெரியவர் பாக்கும்போது பழைய கோடு இருக்கக் கூடாது." துடைச்சாரு. போட்டாரு. போயிட்டாரு.

பெரியவர் வந்தாரு. காலைப் பாக்கலை. கோட்டைப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு. "அருமையான கோடு"ன்னாரு. பிள்ளைங்க எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க.

"ஐயா, நேத்து முட்டிக்கு ஒரு சாண் கீழ இருந்துச்சு. இன்னைக்கு முட்டியைத் தொட்டிருச்சு. மருந்து கேக்கலைங்கய்யா."

"நேற்றைய கோடு எங்கே, அம்மா?"

"அழிச்சுட்டாருங்க."

"இல்லாத கோட்டை நோய் எப்படித் தாண்ட முடியும்?" பெரியவர் பிள்ளைங்க பக்கம் திரும்பினாரு. அவருக்கு மேடை ஏறின மாதிரிதான் பேச வரும். "மாணவர்களே, கவனியுங்கள். நோயைக் குணப்படுத்துவது மருந்தின் வேலை. அது நடக்கும், நடக்காது. அதற்கு நாம் பொறுப்பாக முடியாது. ஆனால் நோய்க்கு எல்லை வகுப்பது நம் வேலை. நான் தலைமை ஏற்றதிலிருந்து இந்த நிறுவனத்தில் ஒரு நோய்கூட எல்லையை மீறியது கிடையாது. நோய் வளர்ந்தால்? எல்லையும் வளரும். அதுதான் நிர்வாகம்."

பிள்ளைங்க எழுதிக்கிட்டாங்க. "அதே மருந்து தொடரட்டும்"னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு.

எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சாரு. "விடும்மா. பெரிய மனுஷன். அவருக்கு எவ்வளவு வேலை இருக்கும்." அப்புறம் "என் வண்டியெல்லாம் யாரு கழுவுறாங்களோ"ன்னாரு. இந்த மனுஷனை வச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது!

அன்னைக்கு மத்தியானம் என் நாத்தனார் போன் பண்ணா. குரல்ல அவ்வளவு சந்தோஷம். "அண்ணி, ஆஸ்பத்திரியிலேர்ந்து மெசேஜ் வந்துச்சு! 'உங்கள் உறவினரின் நோய் கோட்டுக்குள் உள்ளது, வாழ்த்துக்கள்'னு. அண்ணனுக்குச் சரியாயிருச்சா?"

"சரியாகலைடி. ஏறிக்கிட்டே போகுது."

"ஆனா கோட்டுக்குள்ளன்னு போட்டிருக்கே அண்ணி. நீங்கதான் எதையும் பெருசா நினைச்சுப்பீங்க."

வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வாசல்ல காவல்காரர் மறிச்சாரு. கோடு போட்ட காலை வெளிய விடக்கூடாதாம். தரச் சான்று குடுக்க ஆய்வுக் குழு வரப்போகுதாம். அது வந்துட்டுப் போற வரைக்கும் கோட்டு எண்ணிக்கை குறையக் கூடாதாம். "காலை விட்டுட்டு நீங்க வேணா போலாம்"னாரு. கிண்டலா சொன்னாரா, நிஜமா சொன்னாரான்னு முகத்தைப் பாத்தா தெரியலை.

சரி, இவங்க கோட்டை அழிச்சாத்தானே? நானே ஒண்ணு போடறேன்னு முடிவு பண்ணேன். கடையில துணிக்கு அடையாளம் போடற பேனா ஒண்ணு கைப்பையில கெடந்துச்சு. எத்தனை தடவை அலசினாலும் போகாது. சிவப்போட ஓரத்துல, தொடை ஆரம்பிக்கிற இடத்துல, அதால ஒரு கோடு இழுத்தேன். விடிஞ்சதும் சிவப்பு அதைத் தாண்டி நாலு விரக்கடை மேல நின்னுச்சு. பயத்துக்கு நடுவுலயும் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்துச்சு. இன்னைக்கு ஒத்துக்கத்தானே வேணும்?

கோட்டுக்காரர் தேய்ச்சாரு, தேய்ச்சாரு, பஞ்சு தீர்ந்துச்சு. கோடு போகலை. வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. அந்த நேரத்துல பெரியவர் வந்துட்டாரு. குனிஞ்சு பாத்தாரு.

"இது என்ன, பச்சை குத்தியதா?"

"இல்லைங்கய்யா. நான் போட்ட கோடு. நேத்து சிவப்பு அது வரைக்கும்தான் இருந்துச்சு."

"அப்படியானால் இது நோயாளியின் தனிப்பட்ட அலங்காரம். மருத்துவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை." கோட்டுக்காரர் பக்கம் திரும்பினாரு. "அலங்காரத்துக்கு வெளியே நமது கோட்டைப் போடுங்கள்." அப்புறம் என்கிட்ட, ரொம்ப அன்பா: "அம்மா, கால் உங்கள் கணவருடையது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காலின் மேல் இருக்கும் கோடு நிறுவனத்துடையது. ஆளாளுக்குக் கோடு போட ஆரம்பித்தால் எது நோய், எது கால் என்றே தெரியாமல் போய்விடும். உங்களுக்கு விழிப்புணர்வு போதாது. வகுப்புக்குப் போங்கள்."

வகுப்புக்குப் போகலைன்னா பக்கத்துல இருக்க விடமாட்டாங்களாம். போனேன். குளுகுளுன்னு ஒரு கூடம். திரையில 'செல்லுலைட்டிஸ்: ஒரு புரிதல்'னு பெரிய எழுத்து. பாடம் எடுத்தது நம்ம கோட்டுக்காரரேதான். என்னை மாதிரி கட்டில் பக்கத்துலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தவங்கதான் வரிசையா உக்காந்திருந்தோம். பாதிப் பேரு தூங்குனாங்க.

உள்ளதைச் சொல்லணும், பாடம் நல்ல பாடம். கிருமி எப்படி உள்ள போகுது, விரல் இடுக்கை ஏன் ஈரமில்லாம வச்சுக்கணும், காலை ஏன் உசத்தணும், எல்லாம் படம் போட்டு விளக்கினாரு. சின்ன டாக்டரம்மா சொன்ன அதே விஷயம்தான். கடைசியா கேட்டாரு: "சிவப்பு கோட்டைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும்?"

"மருந்தை மாத்தணும்!"னு எல்லாரும் ஒண்ணா கத்தினாங்க. தூங்கினவங்களும் கத்தினாங்க.

"எவ்வளவு சீக்கிரம்?"

"உடனே!"

"அருமை! தாமதித்தால்?"

"கால் போயிடும்!"

நான் எழுந்து நின்னேன். "ஐயா, எங்க வீட்டுக்காரருக்குத் தாண்டிருச்சுங்க. தினமும் தாண்டுதுங்க. உங்களுக்கே தெரியும்."

"கேள்விகள் கடைசியில், அம்மா."

கடைசியில நேரம் முடிஞ்சு போச்சு. எல்லாருக்கும் ஆளுக்கொரு பேனா குடுத்தாங்க. மூடியைக் கழட்டிப் பாத்தேன். நீலம்.

திரும்பி வந்தப்ப எங்க வீட்டுக்காரர் முகம் தெளிவா இருந்துச்சு. "இப்ப வலிக்கலை"ன்னாரு. அவ்வளவு நாளா போர்வை பட்டாக்கூட பல்லைக் கடிச்சவரு. சிஸ்டர் 'வலி: இல்லை'ன்னு எழுதிட்டு எனக்கு வாழ்த்து சொன்னாங்க. நான் போர்வையை விலக்கிப் பாத்தேன். கெண்டைக்காலுக்குப் பக்கத்துல தோல் சிவப்பா இல்லை. ஊதா. நடுவுல கறுப்பு. தண்ணி கோத்துக் கொப்புளம் கொப்புளமா நின்னுச்சு. கட்டை விரலை நறுக்குன்னு கிள்ளினேன். "எப்ப கிள்ளப் போறே?"ன்னு கேட்டாரு.

சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஊதாவுக்குக் கோடு இல்லைம்மா. சிவப்புக்குத்தான்"னாங்க. அவங்க கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. ஆனா சொன்னது அதைத்தான்.

எதிர்க் கட்டடத்துக்கு ஓடினேன். கண்ணு பாக்கற கூட்டம் வாசல் வரைக்கும் நிக்குது. சின்ன டாக்டரம்மாவைப் பாக்கணும்னேன். எந்தக் கண்ணுன்னு கேட்டாங்க. காலுன்னேன். வெளிய அனுப்பிட்டாங்க.

ஆய்வுக் குழு வர்ற நாள் வந்துச்சு. அதுக்குள்ள சிவப்பு வேகம் பிடிச்சிருச்சு. கோட்டுக்காரர் ஒரு கோடு போட்டுட்டு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தாண்டி நிக்குது. பாவம், மனுஷன் ஓட ஆரம்பிச்சுட்டாரு. தட்டைத் தூக்கிக்கிட்டு வார்டுக்கும் வெளியவும் ஓடறாரு. கொஞ்சம் இடம் விட்டுத் தாராளமா போட்டுப் பாத்தாரு. இடுப்பு வந்துருச்சு. "இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லையே! இடுப்புக்கு மேல வயித்துப் பிரிவு"ன்னு தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

அப்பத்தான் பெரியவருக்கு அந்த யோசனை வந்துச்சு. "கோட்டைத் தோலில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது?"

பெயிண்டர் வந்தாரு. கட்டிலைச் சுத்தித் தரையில மஞ்சள் பெயிண்டால பட்டையா ஒரு கோடு போட்டாரு. எங்க கட்டிலுக்கு மட்டுமில்லை, வார்டுல இருந்த எல்லாக் கட்டிலுக்கும். காத்தாடி வச்சுக் காய வச்சாங்க. கோட்டுக்காரர் எழுந்து நின்னு பாத்தாரு. பாரத்தை இறக்கி வச்சவரு மாதிரி மூச்சு விட்டாரு.

குழுத் தலைவியா வந்தது ஒரு ஆய்வுக்காரம்மா. அதிகம் பேசலை. கையில விதிப் புத்தகம். கூட ரெண்டு பேரு. பெரியவர் எங்க கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் பேசினாரு, ஏன்னா ஜன்னல் வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது.

"மற்ற மருத்துவமனைகளில் கோடு தோலில் இருக்கிறது. ஆகவே தாண்டப்படுகிறது. நாங்கள் சிந்தித்தோம். நோயைச் சுற்றிக் கோடு போட்டால் நோய் தாண்டும். நோயாளியைச் சுற்றியே கோடு போட்டால்? நோய் எங்கே போகும்? உச்சந்தலை வரை ஏறட்டுமே! அப்போதும் கோட்டுக்குள்தான். நோயாளி இறந்தாலும் கோட்டுக்குள்தான் இறப்பார்."

கூட வந்த ரெண்டு பேரும் கை தட்டினாங்க.

நான் எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பாத்தேன். காய்ச்சல்ல உதடு வெடிச்சுப் போயிருந்துச்சு. எதிர்ல சுவத்துல, ஆய்வுக்காகப் புதுசா ஒரு பலகை மாட்டியிருந்தாங்க. 'நோயுற்ற பகுதி கோட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து மாற்றப்பட வேண்டும்.' அதைப் படிச்சேன். தரையைப் பாத்தேன். மஞ்சள் கோடு கட்டிலுக்கு ஒரு எட்டு தள்ளி இருந்துச்சு.

"என்னங்க. எழுந்திரிங்க."

"எதுக்கும்மா?"

"ஒரு எட்டு வைக்கணும்."

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்களே. தப்பா நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

இடுப்புல கையைக் குடுத்துத் தூக்கினேன். உடம்பு அனலா கொதிச்சுது. அந்தக் கால் தரையில ஊணவே மாட்டேங்குது, கல்லு மாதிரி தொங்குது. நானே குனிஞ்சு ரெண்டு கையாலயும் அந்தக் காலைத் தூக்கி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சேன். அப்புறம் கடையில கூட்ட நேரத்துல கத்தற குரல் இருக்கே, அந்தக் குரல்ல கத்தினேன்.

"தாண்டிருச்சு!"

ஆய்வுக்காரம்மா புத்தகத்தைப் பாத்தாங்க. தரையைப் பாத்தாங்க. காலைப் பாத்தாங்க. "நோயுற்ற பகுதி வெளியே இருக்கிறதே. இது தாண்டல்தானே?"

கோட்டுக்காரர் சட்டுனு தரையில குந்தி, பெயிண்டர் விட்டுட்டுப் போன பிரஷை எடுத்து எங்க வீட்டுக்காரர் பாதத்தைச் சுத்தி மஞ்சள் அடிக்க ஆரம்பிச்சாரு.

"என்ன செய்கிறீர்கள்?"

"புதுப்பிக்கறேன் மேடம்."

பெரியவர் முகத்துல ரெண்டு மூணு நிறம் மாறுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தாண்டலைன்னு சொன்னா, தரைக் கோடு பொய்னு ஆகும். தாண்டிருச்சுன்னா, பலகையில 'இல்லை' போயிடும். அவர் யோசிச்ச அந்தக் கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்காரர் என் தோள்ல சாஞ்சுட்டாரு. கடைசியில பெரியவர் கையை உயரத் தூக்கினாரு.

"தாண்டல்! இந்த நிறுவனத்தின் முதல் தாண்டல்! எவ்வளவு விரைவாகச் செயல்படுகிறோம் என்பதைக் குழு நேரில் பார்க்கட்டும்!"

மணி அடிச்சுது. எங்கிருந்துதான் வந்தாங்களோ அத்தனை பேரு! ஒருத்தரை ஒருத்தரு இடிச்சுக்கிட்டு ஓடினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, எந்த மருந்துக்கு மாத்தணும்னு யாருக்கும் ஞாபகமில்லை. பலகைப்படி அந்த நிலைமை அங்க வந்ததே இல்லையே. கடைசியில கண் பிரிவுலேர்ந்து சின்ன டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க.

அவங்க வந்தாங்க. யாரையும் பாக்கலை. நேரா காலுக்குப் போய்க் கையை வச்சாங்க. அழுத்தினாங்க. இன்னொரு இடத்துல அழுத்தினாங்க. கையை எடுக்கவே இல்லை.

"கடைசியா எப்ப இதைத் தொட்டுப் பாத்தீங்க?"

கோட்டுக்காரர் கையில இருந்த பிரஷைப் பாத்தாரு. டாக்டரம்மா மருந்தை மாத்தினாங்க. சர்ஜனை வரச் சொன்னாங்க. ஆய்வுக்காரம்மா கடிகாரத்தைப் பாத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளதான்னு குறிச்சுக்கிட்டாங்க. அந்த வருஷத் தரச் சான்று அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கெடச்சுது. தரைக் கோட்டை மத்த ஆஸ்பத்திரிங்களும் வந்து பாத்துட்டுப் போனாங்களாம்.

மருந்து கேட்டுச்சு. ரெண்டே நாள்ல இடுப்புலேர்ந்து சிவப்பு இறங்குச்சு. உயிர் தங்குச்சு. ஆனா கீழ செத்துப் போன சதை செத்ததுதான். அதை விட்டு வச்சா ஆளையே கொண்டு போயிடும்னு சர்ஜன் சொன்னாரு. முட்டிக்கு மேல பேனாவால ஒரு கோடு போட்டாரு. அந்தக் கோட்டை யாரும் துடைக்கலை. அங்கதான் எடுத்தாங்க.

நான் அழுதேனான்னு கேப்பீங்க. நாத்தனார் வந்து அழுதா, கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு. நான் அவளுக்குத் தண்ணி குடுத்தேன். எனக்கு உள்ள எல்லாம் மரத்துப் போயிருந்துச்சு. கோவம் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரலை. பசி எடுத்தப்ப சாப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சுப் போர்வையைப் பாத்தாரு. ஒரு பக்கம் மேடா இருந்துச்சு, ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு, "உனக்கு லீவு கெடச்சுதா?"ன்னு கேட்டாரு.

மறுநாள் காலையில வழக்கம் போல கோட்டுக்காரர் வந்தாரு. கையில தட்டு. தட்டையா இருந்த பக்கம் வந்து நின்னாரு. பஞ்சை எடுத்தாரு, வச்சாரு. எங்க போறதுன்னு தெரியாம நின்னாரு. மனுஷனுக்கு என்னமோ செய்யணும்னு இருந்துச்சு, பாவம். மெதுவா கட்டிலைச் சுத்தி அந்தப் பக்கம் போனாரு.

"முன்னெச்சரிக்கைக்கு இந்தக் காலுக்கு ஒண்ணு போட்டு வச்சிடவா?"

எங்க வீட்டுக்காரர் இருந்த ஒத்தைக் காலை மெள்ள மடக்கி, போர்வைக்குள்ள இழுத்து, முட்டியை ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டாரு.

"வேணாங்கய்யா. தப்பா நினைச்சுக்காதீங்க. இது எனக்கு வேணும்."